கிஃப்ட் பேப்பர் வாங்காமல் பண்டிகைப் பரிசு சுற்றுவது எப்படி: செய்தித்தாள், பழைய சேலை, வாழைநார்

கடையில் வாங்கிய கிஃப்ட் பேப்பர் ஒரு துண்டு வீட்டில் இருந்தால் எடுத்து உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்குங்கள். கையை விரித்ததும் கசங்கியபடியே கிடந்தால் அது காகிதம். மெல்ல மெல்ல விரிந்து நிமிர்ந்துகொண்டால் அது பிளாஸ்டிக், இல்லையென்றால் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய காகிதம். தங்க நிறத்திலும் வெள்ளி நிறத்திலும் மின்னுகிற தாள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகைதான். பழைய பேப்பர் கடையில் அதை எடைக்கு எடுக்க மாட்டார்கள். மண்ணில் போட்டால் மக்காது, கொளுத்தினால் நச்சுப்புகை. பரிசை வாங்கியவர் பிரிக்க எடுத்துக்கொள்ளும் அந்த அரை நிமிடத்தோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்கும் வந்த தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டி மேலும் அழைப்பிதழ் மேலும் சுற்றுகிற பிளாஸ்டிக் படலம் தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அலங்காரத் தெர்மாகோலும் அதே பட்டியலில் உண்டு. ஆனால் இதைச் சட்டத்துக்குப் பயந்து செய்ய வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பொருட்களை வைத்துச் சுற்றிய பரிசு உண்மையிலேயே அழகாக இருக்கும். கொஞ்சம் நேரமும் ஒழுங்கான மடிப்பும் கேட்கும், அவ்வளவுதான்.

எதை எடுப்பது, எதை விடுவது என்று குழப்பம் வந்தால் ஒரு கேள்வி போதும்: பிரித்த பிறகு இது எங்கே போகும்? வாங்கியவர் வீட்டில் மறுபடி பயன்படும், பழைய பேப்பர் கடைக்குப் போகும், மண்ணில் மக்கும் என்ற மூன்றில் ஒரு பதில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இதே காரணத்துக்காக, "சுற்றுச்சூழலுக்கு உகந்த பேக்கிங் செட்" என்று இணையத்தில் விற்பதை வாங்கவும் நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே வீட்டில் இருப்பதைப் பயன்படுத்துவதில்தான் பலன்.

முதலில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள்

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போதே தொடங்குங்கள். அப்போதுதான் பரணிலிருந்து எல்லாம் கீழே இறங்கும். ஒரு காலி அட்டைப்பெட்டி எடுத்துக்கொண்டு, கண்ணில் படுவதையெல்லாம் அதில் போட்டு வாருங்கள்: செய்தித்தாளின் வார இணைப்புகள், முடிந்துபோன மாதக் காலண்டர் தாள்கள், பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டு மீந்த பிரவுன் ஷீட், கல்யாணப் பத்திரிகைகள், இனிப்புக்கடைப் பெட்டிகள், செருப்புப் பெட்டிகள், பழைய பருத்திச் சேலை, வேட்டி, சணல் கயிறு, பந்து நூல். பக்கத்தில் தெரிந்த தையற்கடை இருந்தால் வெட்டுத்துணி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சும்மாவே ஒரு பை நிறையத் தருவார்கள்.

ஆன்லைனில் பொருள் வந்த அட்டைப்பெட்டிகளும் நல்ல பொருள்தான். ஆனால் இரண்டு வேலை பாக்கி இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேப்பை முழுதாக உரித்துவிடுங்கள். முகவரி, கைப்பேசி எண் அச்சடித்த சீட்டையும் மறக்காமல் கிழித்தெடுங்கள். உங்கள் வீட்டு முகவரியோடு ஒரு பெட்டி ஊரெல்லாம் சுற்ற வேண்டாம்.

செய்தித்தாளில் எந்தப் பக்கம்?

இதற்கு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைத்த பக்கத்தில் சுற்றினால், நல்ல நாளும் அதுவுமாக ஒருவர் வீட்டுக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் போய்ச் சேரும். விபத்துச் செய்தி, அரசியல்வாதி படம், பாதி கிழிந்த முகங்கள் எல்லாமே கண்ணை உறுத்தும். சிறுவர் மலர், குறுக்கெழுத்துப் பக்கம், சமையல் பக்கம், பங்குச்சந்தை எண்கள் நிறைந்த பக்கம் இவைதான் சரியாக வரும். எண்கள் மட்டும் பொடியாக அச்சான பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே சீரான சாம்பல் நிறத் துணி மாதிரி தெரியும். அதன் மேல் சிவப்பு நூல் கட்டினால் எடுப்பாக இருக்கும்.

மாதக் காலண்டர் தாள் கெட்டியானது, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். நிறைய காலண்டர்களில் சாமி படம் இருப்பதால், அந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டாம். பிரிக்கிறவர் கிழிக்கவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் சங்கடப்படுவார். உள்பக்கமாக வைத்துச் சுற்றினாலும் அதே சங்கடம்தான். சாமி படம் போட்ட தாளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பூ, இயற்கைக் காட்சி, வெறும் தேதிகள் உள்ள தாள்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டேப்புக்குப் பதில் என்ன?

நாம் செலோ டேப் என்று சொல்வது இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் நாடாதான். அதை ஒட்டிவிட்டால் நல்ல காகிதமும் மறுசுழற்சிக்குத் தொல்லையாகிவிடும். நம் ஊருக்கு மைதா பசை புதிதல்ல. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இன்னும் அதைத்தான் காய்ச்சுகிறார்கள்.

இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். அடுப்பில் ஏற்றிச் சிறுதீயில் கைவிடாமல் கிளறுங்கள். வெள்ளையாக இருந்தது மெல்லக் கண்ணாடி போலத் தெளிந்து கெட்டிப்படும். கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றால் இறக்கிவிடலாம். ஆறியதும் இன்னும் கொஞ்சம் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்குவது நல்லது. இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் புளித்துவிடும். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. அது நஞ்சு. குழந்தைகள் கையில் போகும் பரிசுக்கு, அதிலும் இனிப்புப் பெட்டிக்கு, அதைச் சேர்க்கவே கூடாது. பசையை மெல்லிய பூச்சாகத் தடவி நன்றாகக் காயவிட்டால் போதும். தடிமனாகத் தடவினால்தான் எறும்பும் கரப்பானும் தேடி வரும்.

சின்ன உறை, பெயர்ச்சீட்டு ஒட்டுவதற்கு மைதாகூட வேண்டாம். நான்கு சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கித் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டியைச் சுற்றும் முறை

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது அளவில்தான். தாள் அதிகமானால் ஓரங்களில் கட்டியாகச் சேர்ந்து அசிங்கமாகும், குறைந்தால் பெட்டி தெரியும். ஒரு அரைக் கிலோ இனிப்புப் பெட்டியை எடுத்துக்கொள்வோம்: நீளம் 20 செ.மீ., அகலம் 15 செ.மீ., உயரம் 6 செ.மீ. அகலமும் உயரமும் சேர்ந்தால் 21. அதன் இரு மடங்கு 42. ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 3 சேர்த்தால் 45 செ.மீ. இது தாளின் ஒரு பக்கம். மறுபக்கத்துக்குப் பெட்டியின் நீளமான 20-உடன், இரண்டு முனைகளிலும் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 4 செ.மீ. வீதம் சேர்த்தால் 28. ஆக 45-க்கு 28. செய்தித்தாளின் ஒரே ஒரு பக்கத்தில் இது அடங்கிவிடும். தாள் மெல்லியதாக இருந்தால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எல்லாப் பெட்டிக்கும் கணக்கு இதேதான்.

1. வெளியே தெரிய வேண்டிய பக்கம் தரையைப் பார்க்கும்படி தாளை விரியுங்கள். பெட்டியைக் குப்புற நடுவில் வையுங்கள். அப்போதுதான் ஒட்டு வரும் இடம் அடியில் போகும்.

2. ஒரு பக்கத் தாளின் ஓரத்தை 1 செ.மீ. உள்ளே மடித்துவிடுங்கள். கிழிந்த விளிம்பு வெளியே தெரியாமல் நேர்கோடாக முடிவது இந்தச் சின்ன மடிப்பால்தான்.

3. மறுபக்கத்தை முதலில் பெட்டிமேல் இழுத்து மூடுங்கள். மடித்த ஓரத்தை அதன் மேல் கொண்டுவந்து பசை தடவி ஒட்டுங்கள். தாள் பெட்டியோடு ஒட்டி இறுக்கமாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் பிரித்து மறுபடி இழுங்கள்.

4. முனைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் தாளின் இடது, வலது பக்கங்களைப் பெட்டியோடு சேர்த்து உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் இரண்டு முக்கோண மடல்கள் உருவாகும். மேல் மடலை முதலில் அழுத்துங்கள். அப்புறம் கீழ் மடலை மேலே கொண்டுவந்து ஒட்டுங்கள்.

5. பெட்டியின் எல்லா விளிம்புகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒருமுறை நீவிவிடுங்கள்.

அந்த ஐந்தாவது வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய தாள் பழையதாகத் தெரிவதற்கும், யோசித்துச் செய்ததாகத் தெரிவதற்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் கூர்மையான அந்த விளிம்புதான்.

பொம்மை, பந்து என்று உருவம் ஒழுங்கில்லாத பொருட்களைத் தாளில் சுற்றிப் போராட வேண்டாம். செருப்புப் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாள் திணித்து, பெட்டியைச் சுற்றிவிடுங்கள். இன்னும் நல்ல வழி துணி.

துணியில் கட்டுவது

துணிக்கட்டுதான் இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது. பசை வேண்டாம், கத்தரிப்பதும் ஒரே ஒரு முறை. பிரித்த பிறகு அது கைக்குட்டையாகவோ சமையலறைத் துணியாகவோ அடுத்த பரிசின் உறையாகவோ இருக்கும். ஜப்பானியர்கள் சதுரத் துணியில் பொருட்களைக் கட்டும் முறையை ஃபுரோஷிகி என்கிறார்கள். 2006-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பழைய பிளாஸ்டிக் பாட்டில்களிலிருந்து செய்த இழையில் நெய்த ஒரு ஃபுரோஷிகியை மக்களுக்கு அறிமுகப்படுத்தி இந்தப் பழக்கத்தை மீட்க முயன்றார். நமக்கும் மூட்டை கட்டிப் பழக்கம் உண்டு. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியபோது நினைவூட்டியதும் அப்படிப்பட்ட ஒரு துணிப் பழக்கத்தைத்தான்.

பருத்தியே நல்லது. சிந்தடிக் சேலையில் போட்ட முடிச்சு வழுக்கி அவிழும். அக்குளில் இற்றுப்போனது, கறை பட்டது, ஓட்டை விழுந்தது என்று சேலையில் ஆகாத பகுதிகளை முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒதுக்குங்கள். பொதுவாக முந்தானையும் கொசுவத்துக்குள் போகும் உள்பகுதியும் நன்றாக இருக்கும். துவைத்து, கஞ்சி போடாமல், இஸ்திரி போட்டபிறகு வெட்டத் தொடங்குங்கள்.

துணிக்கும் ஒரு அளவு இருக்கிறது. சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம், பெட்டியின் நீளமான பக்கத்தைப் போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும். சேலையின் அகலம் சுமார் 45 அங்குலம். அதைப் பாதியாக்கி 22 அங்குலச் சதுரங்களாக எடுத்தால், மூலைக்கு மூலை 31 அங்குலம் வரும். 10 அங்குலப் பெட்டி வரை தாராளமாகக் கட்டலாம். ஐந்தரை மீட்டர் சேலை முழுவதும் நன்றாக இருந்தால் இப்படி 18 சதுரங்கள் கிடைக்கும். பழைய சேலையில் பாதி போனாலும் நெருங்கிய சொந்தங்களுக்குப் போதும். கத்தரிக்கோலால் முழுவதும் வெட்ட வேண்டாம். ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கிழியுங்கள், பருத்தித்துணி இழையோடு நேராகக் கிழியும். பிசிறு பிடிக்காவிட்டால் தையற்கடையில் கொடுத்து ஓரம் அடித்துக்கொள்ளலாம். ஜரிகைக் கரை ஒரு பக்கம் வருமாறு கிழித்தால் அதுவே அலங்காரம்.

1. துணியை விரித்து, ஒரு மூலை உங்களைப் பார்க்கும்படி திருப்பிப் போடுங்கள். பெட்டியைச் சரியாக நடுவில், உங்களுக்குக் குறுக்காக வையுங்கள்.

2. உங்கள் பக்கத்து மூலையைப் பெட்டியின் மேல் போட்டு, நுனியை அடியில் செருகுங்கள்.

3. எதிர்ப்பக்க மூலையை இழுத்து மேலே மூடுங்கள். நுனி தொங்கினால் அதையும் உள்ளே மடியுங்கள்.

4. இடது, வலது மூலைகளைப் பெட்டி ஓரத்தில் சுருக்கம் விழாமல் சேர்த்துப் பிடித்து, மேலே கொண்டுவந்து இரட்டை முடிச்சுப் போடுங்கள்.

முடிச்சில் ஒரு நுட்பம் இருக்கிறது. முதல் சுற்றில் எந்த முனை மேலே போனதோ அதே முனைதான் இரண்டாவது சுற்றிலும் மேலே போக வேண்டும். சரியாகப் போட்டால் முடிச்சின் இரு காதுகளும் இடமும் வலமுமாகப் படுத்துக்கொள்ளும். மேலும் கீழுமாக முறைத்துக்கொண்டு நின்றால் முடிச்சு தவறு, தூக்கிக்கொண்டு போகும்போது அவிழும். அவிழ்த்து இரண்டாவது சுற்றை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

பழைய துணியை எல்லோரும் ஏற்பார்கள் என்று நினைக்கவும் கூடாது. நல்ல நாளில், ஏற்கெனவே உடுத்திய துணியில் பரிசைக் கட்டிக் கொண்டுவருவதைப் பெரியவர்கள் சிலர் விரும்புவதில்லை. அவர்கள் மனம் கோணாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது: புது ரவிக்கைத் துணியிலோ புதுத் துண்டிலோ கட்டிக் கொடுங்கள். துணியும் பரிசின் ஒரு பங்கு, வீண் எதுவும் இல்லை. நவராத்திரி தாம்பூலத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். எப்படியும் ரவிக்கைத் துணி கொடுக்கிறோம். 80 செ.மீ. துணியே கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் இருக்கும். அதை விரித்து நடுவில் தேங்காய், மஞ்சள், குங்குமம், சீப்பு, கண்ணாடி, வெற்றிலை பாக்கு வைத்து மேலே சொன்னபடி கட்டிவிட்டால் பிளாஸ்டிக் கவருக்கு வேலையே இல்லை. வெற்றிலை ஈரத்தைத் துடைத்துவிட்டு வையுங்கள், புதுத்துணியில் கறை படும்.

தின்பண்டம் என்றால்

செய்தித்தாள் உணவில் நேரடியாகப் படவே கூடாது. அச்சு மையில் உள்ள வேதிப்பொருட்கள் எண்ணெயில் கரைந்து பண்டத்தில் ஏறும். முறுக்கும் அதிரசமும் எண்ணெய்ப் பண்டங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்றே சொல்கின்றன. மூடிய டப்பாவுக்கு மேல் சுற்றுவதில் தவறில்லை.

உள்ளே போட வாழையிலை இருக்கிறது. பச்சை இலையை அப்படியே மடித்தால் கிழியும். தணலில் இரண்டு பக்கமும் லேசாக வாட்டினால் துவண்டு மடிக்க வரும். அன்றைக்கே சாப்பிடும் பண்டங்களுக்கு மட்டும் இது சரி. மைசூர்பாகு, முறுக்கு மாதிரி நாலு நாள் இருக்க வேண்டியவற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் துணியில் கட்டிக் கொடுங்கள். டப்பாவை வெறுமனே திருப்பித் தருகிற வழக்கம் நம் வீடுகளில் இல்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திரும்ப வரும். பெருநாள் பிரியாணி வந்த பாத்திரமும் அப்படித்தான் போகும். ஜாம், ஊறுகாய் வந்த கண்ணாடிப் பாட்டில்களும் ஆகும். வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, மிச்சமிருக்கும் பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும்.

தென்மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு ஓலைப்பெட்டி எளிதாகக் கிடைக்கும். செட்டிநாட்டில் கொட்டான் என்பார்கள். இது மட்டும் காசு கொடுத்து வாங்க நான் தயங்காமல் சொல்லும் பொருள். பனை ஓலையில் கையால் முடைந்தது, கொடுத்த காசு முடைந்தவர் வீட்டுக்குப் போகும், வருடக்கணக்கில் உழைக்கும், கடைசியில் மக்கும். கருப்பட்டியோ கடலைமிட்டாயோ வைத்து மூடினால் மேலே எதுவும் சுற்றவே வேண்டாம்.

கட்டு, பூ, பெயர்ச்சீட்டு

பூ கட்டும் வாழைநார் கடைத்தெருவில் கிடைக்கும். காய்ந்த நாரை இழுத்துக் கட்டினால் ஒடிந்துவிடும். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் போகத் துணியில் துடைத்துவிட்டுக் கட்டுங்கள். சேலையில் மீந்த கரையை விரலகலத்துக்குக் கிழித்தால் ரிப்பன் ஆகிவிடும். கடை ரிப்பன் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் வைத்து, மேலே ஒரு துணி போட்டுத் தேய்த்தால் இன்னும் பல முறை உழைக்கும். ஜிகினாத்தூள் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். அது பொடிப்பொடியான பிளாஸ்டிக், கைகழுவும் தண்ணீரோடு வெளியேறிவிடும்.

பச்சைப் பூவைக் கொடுக்கிற அன்று காலையில்தான் செருக வேண்டும். சாமந்தியின் ஈரம் செய்தித்தாளில் மையைக் கசியவைக்கும் என்பதால் தாள் உறைக்கு மாவிலை, வெட்டிவேர்த் துண்டு, பட்டை, அன்னாசிப்பூ இவையே பொருத்தம். வெட்டிவேர் வைத்த பெட்டி பீரோவுக்குள் இருந்தாலும் மணக்கும். கிறிஸ்துமஸுக்குப் பிரவுன் ஷீட்டும் பட்டையும் சிவப்பு நூலும் சேர்ந்தால் வேறெதுவும் தேவைப்படாது.

பிரவுன் ஷீட் வெறுமையாகத் தெரிந்தால் வெள்ளைப் பென்சிலால் ஒரு புள்ளிக்கோலம் போடுங்கள். குழந்தைகள் இருந்தால் வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, காவியில் கொஞ்சம் மைதா பசை கலந்து, அதில் தொட்டுத் தாளில் ஒற்றச் சொல்லுங்கள். ஐந்து இதழ் பூக்களாக விழும். மாலை முழுவதும் அவர்கள் வேறு எங்கும் போக மாட்டார்கள்.

பெயர்ச்சீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை அருமையாக இருக்கும். சாமி படமும் மணமக்கள் பெயரும் உள்ள பகுதியை விட்டுவிட்டு, ஓர வேலைப்பாடு உள்ள இடத்தை மட்டும் வெட்டி, ஒரு துளை போட்டு நூலில் கோத்துவிடுங்கள். துணியில் கட்டியிருந்தால் சீட்டின் பின்பக்கம் "துணியும் உங்களுக்குத்தான்" என்று எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் பலர் அதைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று யோசிப்பார்கள்.

மழையும் பயணமும்

தீபாவளி வருவது வடகிழக்குப் பருவமழை நேரத்தில். செய்தித்தாளில் அழகாகச் சுற்றிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பைக்கில் போனால் ஐந்து நிமிடத் தூறலில் கூழாகிவிடும். நனையும் வாய்ப்பு இருந்தால் துணிக்கட்டுக்கு மாறுங்கள், அல்லது தாளில் சுற்றியதைக் கெட்டியான துணிப்பைக்குள் போட்டு, வீட்டில் இருக்கும் பழைய மழைக்கோட்டால் மூடி எடுத்துப் போங்கள்.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்புவதென்றால் அழகு உள்ளே இருக்கட்டும், வெளிப்பெட்டி உறுதியாக இருக்கட்டும். வெளிப்பெட்டிக்கும் பரிசுக்கும் நடுவில் ஆடாமல் இருக்கக் கசக்கிய தாளையோ தையற்கடை வெட்டுத்துணியையோ திணியுங்கள். மூடிவிட்டுக் காதருகே வைத்துக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் கேட்டால் இன்னும் திணிக்க வேண்டும். வெளிப்பெட்டியை ஒட்ட, தண்ணீர் தொட்டு ஒட்டும் பிரவுன் காகித டேப் சில ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காத ஊரில் பிளாஸ்டிக் டேப்பை மூடியின் நடு இணைப்பில் ஒரு வரிசை மட்டும் ஒட்டி, மேலே சணலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். ஒரே வரிசை என்பதால் பெட்டி போய்ச் சேர்ந்த வீட்டில் அதை ஒரே இழுப்பில் உரித்துவிடலாம்.